கிணற்றில் எம்.டி.பி.இ.: பெட்ரோலில் அதைக் கலந்தவர்களைச் சட்டப்படி கேட்க முடியுமா?

கேள்வி: நியூ ஹாம்ப்ஷயரின் தென்பகுதியில், நாஷுவாவிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கிறோம். 2021-ல் வாங்கிய வீடு. ஊர்க் குழாய்த் தண்ணீர் கிடையாது; பாறையில் போட்ட போர்வெல்தான். போன மாதம் முழுச் சோதனைக்குக் கொடுத்ததில், முன்பு பெட்ரோலில் கலந்துவந்த எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருள் 9 பிபிபி என்று வந்திருக்கிறது. ஆய்வகத்தில் கேட்டால் "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்கிறார்கள். கால் மைல் தூரத்தில் மேட்டில் இருந்த கேஸ் ஸ்டேஷனை எப்போதோ மூடிவிட்டார்களாம். அதன் உரிமையாளரும் இப்போது இல்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் எதுவுமே இல்லை! பெட்ரோலில் இதைக் கலந்த கம்பெனிகள் மேல் வழக்குப் போடலாமா? "சட்டம்தானே கலக்கச் சொன்னது" என்கிறார் என் கணவர். குழந்தைகளைக் குளிப்பாட்டவே பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். 9 பிபிபி என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மைக்ரோகிராம். உங்கள் மாநிலத்தின் வரம்பு 13. கலிஃபோர்னியா உடல்நலத்துக்காக வைத்த வரம்பும் அதே 13. வாடைக்கும் சுவைக்கும் அங்கே தனியாக 5 என்று ஒரு வரம்பு உண்டு. நியூயார்க்கில் 10. நாடு முழுவதற்குமான கட்டாய வரம்பு எதுவும் கிடையாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-ல் 20 முதல் 40 வரை என்று ஓர் ஆலோசனை அளவு மட்டும் சொன்னது, அதுவும் வாடையையும் சுவையையும் வைத்து. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பது அதன் பொருள். ஆகவே இன்று ராத்திரி பிள்ளைகளைத் தாராளமாகக் குளிக்க வையுங்கள். ஆனால் "வரம்புக்குள்" என்ற ஒரு சொல்லை நம்பி அந்த அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பது நம் வீட்டுப் பழக்கம். கிருமிக்கு அது நல்லது, இதற்கு மருந்தல்ல. எம்.டி.பி.இ. 55 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தை விட்டு வெளியேறும் ஆவி உங்கள் சமையலறைக் காற்றில்தான் கலக்கும்.

முதல் வேலை, மறுபடி சோதிப்பது. ஒரே ஒரு எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது, நீதிமன்றத்திலும் அது நிற்காது. மாநிலச் சான்று பெற்ற ஆய்வகத்தில், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 524.2 அல்லது 524.3 முறைச் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். டெர்ஷியரி பியூட்டைல் ஆல்கஹாலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டி.பி.ஏ. என்பார்கள், எம்.டி.பி.இ. மண்ணில் சிதையும்போது வருவது. அது இருக்கிறதா என்பதைப் பொறுத்து எந்த வடிகட்டி என்பதே மாறிவிடும். மாதிரியை எந்த வடிகட்டிக்கும் மென்நீராக்கிக்கும் முந்தைய குழாயில், பிரஷர் டேங்க் பக்கத்தில் எடுக்க வேண்டும். தண்ணீரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு மெல்லிய தாரையாகக் குறைத்து, 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியை விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பட்டாணி அளவு காற்றுக்குமிழி இருந்தாலும் அந்த மாதிரி கெட்டது, ஏனென்றால் ஆவி அந்தக் குமிழிக்குள் போய்விடும். குப்பிக்குள் ஆய்வகம் முன்பே போட்டிருக்கும் அமிலத்தைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். காரில் பெட்ரோல் போட்டுவிட்டு வந்த கையோடு மாதிரி எடுக்கக் கூடாது. பனிவாரி இயந்திரத்துக்கான பெட்ரோல் கேன் இருக்கும் கராஜில் குப்பிகளை வைக்கவும் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வகம் ஒப்பீட்டுக்காகச் சுத்த நீர் நிரப்பித் தரும் குப்பியோடு சேர்த்து, 14 நாளுக்குள் சோதனை முடியும்படி அனுப்புங்கள். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் தேதியும் கையெழுத்தும் உள்ள ஒப்படைப்புப் படிவம் வேண்டும். பிறகு ஒரு வருடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். பனி உருகும் ஏப்ரலில் 4 காட்டும் கிணறு, நிலத்தடி நீர் இறங்கிய செப்டம்பரில் 15 காட்டலாம்.

வடிகட்டி வைப்பதானால் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது பதப்படுத்திய கரி, நிரப்பிய தொட்டிகள் இரண்டை, ஒன்றன்பின் ஒன்றாக, வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் வைக்க வேண்டும். சமையலறைக் குழாயின் கீழ் மாட்டும் சிறு வடிகட்டி, குளியலறையில் வரும் ஆவிக்கு உதவாது. எம்.டி.பி.இ. கரியில் சரியாக ஒட்டாத பொருள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் நின்றுவிடும் இடத்தில் இது நழுவிப் போகும், அதனால்தான் தொட்டி இரண்டு. இதற்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி நன்றாக வேலை செய்யும். இரண்டு தொட்டிக்கும் நடுவில் மாதிரி எடுக்க ஒரு குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். அங்கே எம்.டி.பி.இ. தலைகாட்டியதும் இரண்டாம் தொட்டியை முன்னால் கொண்டுவந்து, புதுக் கரியைப் பின்னால் போட வேண்டும். டி.பி.ஏ.வைக் கரி ஏறக்குறைய பிடிக்கவே பிடிக்காது.

உங்கள் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. கருங்கல் பாறைக் கிணறுகளில் ரேடான் என்ற கதிர்வீச்சு வாயு இருக்கும். ரேடான் மிகுந்த தண்ணீரைக் கரித் தொட்டியில் விட்டால் தொட்டியே கதிர்வீச்சைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். எனவே கரி வாங்கும் முன் ரேடானையும், இரும்பையும், ஆர்சனிக்கையும் சோதித்துவிடுங்கள். இரும்பு கரியை அடைத்துவிடும். ஆர்சனிக்குக் கரி மருந்தே அல்ல, வேறு ஏற்பாடு வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தமாக இருப்பதைப் பார்த்து உங்கள் அறிக்கை தவறோ என்று நினைக்க வேண்டாம். பாறைக் கிணற்றுக்குத் தண்ணீர் வருவது விரிசல்கள் வழியாக. மேட்டிலிருந்து வரும் ஒரு விரிசல் உங்கள் குழியைத் தொட்டு, நூறு அடி தள்ளியிருக்கும் அவர்கள் குழியைத் தொடாமல் போகலாம். உங்கள் பம்ப் ஓடும் நேரமும் அந்தத் திசையிலிருந்து இழுக்கும். இந்தப் பொருளின் குணமும் அதற்குத் துணை. சாதாரணப் பெட்ரோலிலிருந்து நீரில் கரையும் ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் சேர்ந்து லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம்தான். 10 சதவீதம் எம்.டி.பி.இ. கலந்த பெட்ரோலிலிருந்து எம்.டி.பி.இ. மட்டுமே சுமார் 5,000 மில்லிகிராம் வரை கரையும். மண்ணில் ஒட்டாது, எளிதில் சிதையாது, தண்ணீர் போகும் வேகத்திலேயே போகும். 11 சதவீதம் கலந்த ஒரு காலன் பெட்ரோலில் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் 2.3 கோடி லிட்டர் தண்ணீரை 13 பிபிபிக்குக் கொண்டுவர அது போதும். கேஸ் ஸ்டேஷனின் பெரிய கசிவுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை என்பதும் இதிலிருந்தே தெரியும்.

இன்னொன்று, உங்களுக்குச் சாதகமானது. நியூ ஹாம்ப்ஷயரில் 2007 தொடக்கத்திலிருந்து பெட்ரோலில் எம்.டி.பி.இ. தடை. ஆகவே உங்கள் கிணற்றில் இருப்பது அதற்கு முன் சிந்தியது. 2021-ல் வந்த நீங்கள் கராஜில் எதைச் சிந்தியிருந்தாலும் அது இதற்குக் காரணமாக முடியாது. எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதம் "வீட்டுக்காரரே கொட்டியிருப்பார்" என்பது. உங்களிடம் அது செல்லாது. உங்களுக்கு முந்தைய உரிமையாளரைக் காட்டி அதே வாதத்தை வைப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி சட்டம். உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. 1990-ல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம், புகை மிகுந்த பகுதிகளில் விற்கும் பெட்ரோலில் எடையில் 2 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும் என்றது. 1995-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த ஆக்ஸிஜனுக்காக எம்.டி.பி.இ.யைத்தான் போட வேண்டும் என்று எந்த வரியிலும் இல்லை. எத்தனால் போட்டிருக்கலாம். நியூயார்க் நகரம் எக்ஸான்மொபில் என்ற எண்ணெய்க் கம்பெனி மீது தொடுத்த வழக்கில், "கூட்டாட்சிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம், மாநிலச் சட்டப்படி எங்களைக் கேட்க முடியாது" என்ற வாதத்தை இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல் இந்தக் காரணத்தால்தான் தள்ளியது. உங்கள் மாநிலத்தில் நான்கு தென்கிழக்கு மாவட்டங்கள் அந்தப் பெட்ரோல் திட்டத்தில் தாமாக விரும்பிச் சேர்ந்தவை. உங்கள் மாநிலம் தொடுத்த வழக்கில் "அரசே கேட்டு வாங்கியதுதானே" என்று எக்ஸான் அதையும் வாதமாக வைத்தது, அதுவும் நிற்கவில்லை.

நிற்காததற்கு அடிப்படை, அவர்களுக்கு எது எப்போது தெரிந்தது என்பது. மெய்ன் மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை விஞ்ஞானிகள் 1986-லேயே இந்தப் பொருள் நிலத்தடி நீரில் எப்படி ஓடுகிறது என்று எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்பே, எம்.டி.பி.இ.யைப் பரவலாகக் கலந்தால் கிணறுகள் கெடும் சம்பவங்கள் மூன்று மடங்காகும் என்று எக்ஸானுக்குள்ளேயே ஒரு பொறியாளர் எழுதிவைத்த குறிப்பு வழக்கில் சான்றாக வந்தது. தெரிந்திருந்தும் வாங்குபவருக்கும், பங்க் நடத்துபவருக்கும், கிணற்றுக்காரருக்கும் சொல்லவில்லை. எச்சரிக்கத் தவறியது என்ற இந்தக் குற்றச்சாட்டுதான் எல்லா வழக்குகளுக்கும் முதுகெலும்பு. சவுத் லேக் டாஹோ குடிநீர் மாவட்டத்தின் வழக்கில் 2002-ல் சான் பிரான்சிஸ்கோ ஜூரி, எம்.டி.பி.இ. கலந்த பெட்ரோலே குறையுள்ள பொருள் என்றது. ஷெல்லும், எம்.டி.பி.இ.யைத் தயாரித்த லியாண்டெலும் தெரிந்தே கேடு விளைவித்தன என்றும் சொன்னது. அந்த வழக்கு மொத்தம் 6.9 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆக, கேஸ் ஸ்டேஷன்காரரை விட்டுவிட்டுத் தயாரித்தவரைக் கேட்க முடியுமா என்றால், முடியும். கேட்டு வென்றிருக்கிறார்கள்.

எண்ணெய்க் கம்பெனிகளைத் தேடிப் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு, பலர் கவனிக்காதது. நச்சுக் கழிவு இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் பெட்ரோலியத்தைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. பெட்ரோலில் வழக்கமாகக் கலக்கும் பொருளுக்கும் அதே விலக்கு. அந்தக் கதவு மூடியிருந்ததால்தான் பொருட்பொறுப்பு, அலட்சியம், பொதுத்தொல்லை என்ற பழைய வழக்கு வகைகளை எடுக்க வேண்டிவந்தது.

அடுத்த சிக்கல், யாருடைய பெட்ரோல்? பல சுத்திகரிப்பு ஆலைகளின் சரக்கு ஒரே குழாயிலும் ஒரே கிடங்கிலும் கலந்து வருகிறது. கிணற்றில் இருக்கும் 9 மைக்ரோகிராமில் யார் பெயரும் எழுதியிருக்காது. நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நாடு முழுவதிலிருந்தும் ஒன்றுசேர்த்து விசாரித்த எம்.டி.பி.இ. வழக்குகளில் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் ஒரு வழி வகுத்தார். கலவையில் தன் சரக்கும் இருந்தது என்று தெரிந்தால் அந்தக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்பது அது. உங்கள் மாநிலம் தொடுத்த வழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றம், சந்தையில் ஒரு கம்பெனியின் பங்கு எவ்வளவோ அவ்வளவு பொறுப்பு என்ற சந்தைப் பங்கு முறையை ஏற்றது. 2013 ஏப்ரலில் ஜூரி மாநிலத்தின் மொத்தச் சேதத்தை ஏறத்தாழ 81.6 கோடி டாலர் என்று கணித்து, எக்ஸான்மொபிலின் பங்கு 28.94 சதவீதம் என்றது. அப்படி வந்ததுதான் 23.6 கோடி டாலர் தீர்ப்பு. மாநில உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில் அதை உறுதி செய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016-ல் தலையிட மறுத்தது. மற்றக் கம்பெனிகள் முன்பே சமரசம் செய்துகொண்டிருந்தன.

இழப்பீடு எப்படிக் கரையும் என்பதற்கு, முன்பு சொன்ன நியூயார்க் நகர வழக்கின் கணக்கைப் பாருங்கள். 2009-ல் குயின்ஸ் பகுதியின் கிணறுகளுக்கு ஜூரி கணித்த மொத்தச் செலவு 25.05 கோடி டாலர். எம்.டி.பி.இ.க்கு முன்பே அந்த நீரில் இருந்த வேறு மாசுக்காக 7 கோடியைக் கழித்தார்கள். மிச்சம் 18.05 கோடியில் 42 சதவீதம் பிறர் பொறுப்பு என்று போனது. எக்ஸானிடம் வசூலிக்க உத்தரவானது 10.469 கோடி. உங்கள் தண்ணீரில் ஆர்சனிக்கோ ரேடானோ இருந்தால் "எப்படியும் வடிகட்டி வைத்திருக்க வேண்டியவர்தானே" என்று அதே கழித்தலை உங்களிடமும் செய்வார்கள்.

இனி உங்கள் 9. வரம்புக்குக் கீழே இருந்தால் சட்டத்தின் கண்ணில் பாதிப்பு உண்டா? இங்கேதான் நீதிமன்றங்கள் பிரிகின்றன. நியூயார்க் வழக்கில் கிணற்று நீரின் உச்ச அளவு 10 பிபிபியைத் தொடும் என்றுதான் ஜூரி கண்டது, அதுவும் 2033-ல். மாநில வரம்பும் 10. வரம்பைத் தாண்டாத நீருக்கு இழப்பீடா என்று எக்ஸான் கேட்டது. பொறுப்பான குடிநீர் வழங்குநர் அந்த அளவிலும் சுத்திகரிப்பார் என்றால் அது பாதிப்புதான் என்றது நீதிமன்றம். மேரிலாந்தின் ஜாக்ஸன்வில் வேறு மாதிரி. அங்கே 2006-ல் ஒரு எக்ஸான் நிலையத்தின் குழாயில் விழுந்த துளையால் 37 நாளில் சுமார் 26,000 காலன் கசிந்தது. ஜூரி 2011-ல் 100 கோடி டாலர் தண்டனைத் தொகை உட்பட பெருந்தொகை விதித்தது. மாநில உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல் தண்டனைத் தொகையை முழுக்க ரத்து செய்தது. மாநிலம் வைத்த அளவை மாசு எட்டாத கிணறுகளின் உரிமையாளர்கள் நோய்ப் பயத்துக்கும் சொத்து மதிப்புக்கும் கேட்டதும் பெருமளவு விழுந்தது. இந்த இரண்டில் வீட்டுக்காரர் என்ற வகையில் உங்கள் நிலை மேரிலாந்துக்கே நெருக்கம் என்பது என் கணிப்பு. மனத்துயரத்துக்கும் மருத்துவக் கண்காணிப்புக்கும் இழப்பீடு கேட்டு 9 பிபிபியோடு போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

தனியாக வழக்குப் போடுவதும் இன்றைய நிலையில் வேண்டாம். மேட்டிலிருந்து உங்கள் கிணறு வரை மாசின் பாதையை நிரூபிக்க ஒரு நிலத்தடிநீர் நிபுணர் வேண்டும், கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். அந்தச் செலவு நீங்கள் கேட்கப்போகும் வடிகட்டிச் செலவை விழுங்கிவிடும். தவிர, தனியார் கிணற்றுக்காரர்களுக்கும் சேர்த்தே, குடிமக்களின் காப்பாளர் என்ற நிலையில், மாநிலம் வழக்காடி வென்றிருக்கிறது. அந்த 81.6 கோடிக்குள் தனியார் கிணறுகளைச் சோதிக்கும் செலவும், 13-ஐ எட்டிய கிணறுகளைச் சுத்திகரிக்கும் செலவும் உண்டு. அதே செலவை மறுபடி கேட்டால் "ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்" என்பார்கள்.

எனவே முதலில் மாநிலச் சுற்றுச்சூழல் சேவைத் துறைக்கு எழுதுங்கள். எம்.டி.பி.இ. சமரசப் பணத்தில் அமைந்த தனிப் பிரிவு அங்கே இருக்கிறது. தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல், முகவரி, கிணற்றின் ஆழம், ஆய்வக அறிக்கை, பழைய கேஸ் ஸ்டேஷன் இருந்த இடம் இவற்றோடு எழுத்தில் கொடுங்கள். மறுசோதனை செய்துதரவும், சுற்றியுள்ள கிணறுகளைப் பார்க்கவும், பழைய தொட்டிகள் இருந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கவும் கேளுங்கள். உரிமையாளர் இல்லாத இடம் என்பதற்காக அவர்கள் கையை விரிக்க வேண்டியதில்லை. பொறுப்பானவர் இல்லாத தொட்டிக் கசிவுகளுக்கென்றே 1986-ல் கூட்டாட்சி நிதி ஒன்று அமைக்கப்பட்டது. 9 பிபிபிக்கு வடிகட்டி தருவார்களா என்பது உறுதியில்லை. உங்கள் அடுத்த நான்கு சோதனைகளில் ஒன்று 13-ஐத் தொட்டால் நிலைமை அன்றே மாறும்.

அந்தத் துறையின் 'ஒன்ஸ்டாப்' தரவுத்தளத்தில் உங்கள் தெருவையும் அந்தச் சாலைச் சந்திப்பையும் தேடுங்கள். அந்த இடத்துக்குக் கோப்பு இருந்தால் தொட்டி எடுத்த தேதி, மண் சோதனை, நீரோட்ட வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். 1984-க்குப் பின் போட்ட கிணறானால் துளையிட்டவர் மாநிலத்துக்குக் கொடுத்த அறிக்கையும் கிடைக்கும். ஆழமும் உறைக்குழாயின் நீளமும் அதில் தெரியும்.

வழக்கை இப்போது போடாவிட்டாலும் காலக்கெடுவை விட்டுவிடாதீர்கள். உங்கள் மாநிலத்தில் இத்தகைய வழக்குக்கு மூன்று வருடம். பாதிப்பும் அதன் காரணமும் தெரிந்த நாளிலிருந்தோ, முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ அதைக் கணக்கிடுவார்கள். போன மாத அறிக்கையில் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கலாம். அதைவிட மோசமான சாத்தியமும் உண்டு: 2021-ல் வீடு வாங்கியபோது எடுத்த தண்ணீர்ச் சோதனையிலேயே எம்.டி.பி.இ. என்ற வரி இருந்து, யாரும் படிக்காமல் விட்டிருந்தால் கெடு முடிந்துபோயிருக்கும். அந்தக் கோப்பை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். கிணறு பற்றி விற்றவர் எழுதிக் கொடுத்த அறிவிப்பும் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சோதித்த தேதியாக அவர் என்ன எழுதினார் என்று பாருங்கள்.

எண் 13-ஐத் தாண்டினாலோ, அதே விரிசலில் இன்னும் நாலைந்து வீடுகள் சிக்கியிருப்பது தெரிந்தாலோ, அப்போது எல்லோரும் சேர்ந்து சுற்றுச்சூழல் வழக்கறிஞரிடம் போங்கள். போகும்போது சோதனை அறிக்கைகள் அனைத்தையும் ஒப்படைப்புப் படிவங்களோடும், வடிகட்டிக்கும் கரிக்கும் செலவழித்த ரசீதுகளோடும், துறைக்கு எழுதிய கடிதங்களோடும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.